மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள்

2024ல் சிங்கப்பூர்த் துறைமுகம் 41 மில்லியனுக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்டது. 20 அடிப் பெட்டியை ஒன்றாக எண்ணும் கணக்கு இது. பெரும்பாலானவை இங்கே கப்பல் மாறிப் போய்விடும். ஊருக்குள் வருபவை டிரெய்லரில் ஏறி, ஆயர் ராஜா விரைவுச்சாலையில் நம் வாகனங்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. அந்த டிரெய்லர்களின் மின்கோளாறுகளைச் சரிசெய்வதுதான் துவாஸ் வட்டாரப் பட்டறையில் என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பார்க்கும் ஓட்டுநர்கள் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, காத்துல வேலை செய்யுற பிரேக்குக்குக் கரண்ட் எதுக்கு?”

சக்கரத்தை நிறுத்துவது காற்றுதான். காற்று முழுவதும் போனாலும் ஸ்பிரிங் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி காற்றை விட்டு விட்டுக் கொடுக்கும் ஏபிஎஸ், மின்சாரம் இல்லாமல் இயங்காது. அது நின்றுபோனாலும் சாதாரண நாளில் ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியாது. மழையில், வெறும் டிரெய்லரோடு வரும்போது, திடீரென ஓங்கி மிதித்தால்தான் தெரியும். சக்கரங்கள் பூட்டி, டிரெய்லரின் பின்பகுதி பக்கத்துத் தடத்துக்கு வீசும். அதை முன்கூட்டியே சொல்வது மஞ்சள் எச்சரிக்கை விளக்கு மட்டுமே.

ஒரே பிரைம் மூவர் ஒரு நாளில் பல டிரெய்லர்களை மாற்றி மாற்றி இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றிய டிரெய்லர் மழையிலும் கடல் காற்றிலும் நிற்கும். அதனால் நான் பார்க்கும் கோளாறுகளில் பல, பிளக்கிலும் கேபிளிலும் எர்த் ஒயரிலும்தான் இருக்கின்றன.

அண்மையில் ஒரு டிரெய்லர் வந்தது. வேறோர் இடத்தில் கண்ட்ரோல் யூனிட்டையே மாற்றச் சொல்லியிருந்தார்களாம். மீட்டர் வைத்தால் 24 வோல்ட் சரியாக இருந்தது. ஆனால் வேலை இல்லாத ஒயரில் மீட்டர் காட்டும் கணக்கை நம்பக்கூடாது. 21 வாட் பல்பு ஒன்றை இணைத்தேன். வோல்ட் 15க்கு இறங்கியது. எர்த் ஒயரின் முனையைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பூச்சு. வெட்டிப் புதுமுனை போட்டதும் விளக்கு அணைந்தது.

ஓட்டுநர்கள் தினமும் செய்யக்கூடியவை எளியவை. ஏபிஎஸ்ஸுக்கெனத் தனிப் பிளக் உண்டு. விளக்குப் பிளக்கோடு அதையும் மாட்டுங்கள். பின்கள் வளைந்தோ கறுத்தோ இருக்கின்றனவா என்று பாருங்கள். சாவியைத் திருப்பும்போது டிரெய்லர் வால்வு ‘டக் டக்’ என்று ஒலிக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்து, சில வினாடிகளிலோ வண்டி நகர்ந்ததுமோ அணைய வேண்டும். பிரேக் விளக்கு எரியும்போது சிக்னல் மங்கினால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், சக்கர சென்சார் பல்வளையத்தைவிட்டு விலகியிருக்கலாம். அது பட்டறை வேலை. கையால் சக்கரத்தை 2 வினாடிக்கு ஒரு சுற்று சுற்றினால், சென்சார் குறைந்தது 0.2 வோல்ட் தரவேண்டும்.

மல்டிமீட்டர், லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜாலான் புசார் சிம் லிம் டவரில் கிடைக்கும். பல்பைக் கழற்றி எச்சரிக்கையை அணைப்பதற்குக் காசே செலவாகாது. ஆனால் அடுத்த மழையில் அந்தக் கணக்கைத் தீர்ப்பவர், பக்கத்துத் தடத்தில் மோட்டார்சைக்கிளில் வருபவராக இருக்கலாம்.