முதல் ரைஃபிள் வாங்கப் போறீங்களா?

மெரினா பீச்சில் பலூன் சுடுகிற துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்காத ஆசாமி யாராவது உண்டா? பத்து குண்டுக்கு நாலு பலூன் வெடித்தால் போதும்... அன்றைக்கு நாம்தான் அர்ஜுனன்! கூட வந்த மச்சினன் முன்னால் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். அந்தப் பெருமையெல்லாம் கையிலிருக்கும் சுண்டல் தீர்கிற வரைக்கும்தான். ஆனால் அதே ஆசை வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, ‘எனக்கு நிஜ ரைஃபிள் வேணும்’ என்று அடம்பிடித்தால்?

எங்கள் வீட்டில் பிடித்தது. எட்டாவது படிக்கிற என் பெண்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இந்தியா வாங்கிய ஆறு மெடல்களில் மூன்று, துப்பாக்கி சுடுதலில் வந்தவை. அதை டி.வி.யில் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

“அப்பா, இளவேனில் வாலறிவன் கடலூர்ல பொறந்தவங்கப்பா. அகமதாபாத்ல வளர்ந்து, ரெண்டு ஒலிம்பிக்ஸ் போயிட்டு வந்துட்டாங்க. நான் ட்ரை பண்ணக் கூடாதா?”

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து அடுத்த கேள்வி வந்தது. “ஏங்க, ஸ்கூட்டருக்கே இன்னும் ஆறு தவணை பாக்கி. இதுல துப்பாக்கி வேறயா?”

இதுவும் நியாயமான கேள்விதான்!

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நான் ரைஃபிள் கிளப், ஆயுதக் கடை, கோச் என்று ஒரு மாசம் அலைந்தேன். இதே கேள்வியோடு உங்கள் வீட்டிலும் ஒரு வாண்டு நின்றால் உதவுமே என்று, அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே கொட்டுகிறேன்.

லைசென்ஸ் வேணுமா சார்?

விஷயம் கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டு மாமா பதறிப்போனார். “துப்பாக்கின்னா கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன்னு அலையணுமே சார்!”

அலைய வேண்டாம். ஒலிம்பிக்ஸில் பத்து மீட்டர் போட்டிக்குப் பயன்படுவது ஏர் ரைஃபிள். வெடிமருந்து கிடையாது. காற்றழுத்தம்தான் குண்டைத் தள்ளுகிறது. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் .177 அங்குலத்துக்கு (அதாவது 4.5 மில்லிமீட்டர்) மேற்படாமலும், குண்டின் வேகசக்தி 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். ‘பாயிண்ட் டூ டூ’ ஏர் கன் ஒன்று மலிவாக வருகிறது என்று யாராவது ஆசை காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதற்கு லைசென்ஸும் வேண்டும், பத்து மீட்டர் போட்டிக்கும் உதவாது.

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகத் தெரு முனையில், துண்டுச் சீட்டுகூட இல்லாமல் வாங்காதீர்கள். முறையான கடையில், பெரியவர் பெயரில், அடையாள அட்டையைக் காட்டி, பில்லோடு வாங்குங்கள். நாளைக்கே ரயிலில் போட்டிக்கு எடுத்துப் போகும்போது யாராவது நிறுத்திக் கேட்டால், அந்த பில்தான் உங்களுக்காகப் பேசும்.

வேகம் விற்கிறார்கள்... ஜாக்கிரதை!

கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டிய துப்பாக்கி சினிமா வில்லன் கையில் இருப்பது மாதிரியே இருந்தது. மேலே டெலஸ்கோப் வேறு. “செகண்டுக்கு ஆயிரம் அடி சார்! இதை அடிக்க ஆளே கிடையாது!”

நான் கிளப் கோச்சிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். ராணுவத்திலிருந்து ரிட்டயர் ஆனவர். மீசைக்குள்ளேயே சிரித்தார்.

“சார், நாம சுடப்போறது புலியை இல்லே... பேப்பரை. பேப்பரைக் கிழிக்க எதுக்கு ஆயிரம் அடி?”

பிறகுதான் அந்தப் பேப்பரைக் காட்டினார். வெளி வட்டத்தின் விட்டமே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவில் பத்து பாயிண்டுக்கான புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பால்பாயிண்ட் பேனாவால் சும்மா தொட்டு வைத்த மாதிரி. பத்து மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, 75 நிமிஷத்துக்குள் அறுபது தடவை அதைச் சுட வேண்டும்.

இதற்குத் தேவை வேகமில்லை. ஒரே மாதிரி இருப்பதுதான். ஒலிம்பிக்ஸுக்குப் போகிற லட்ச ரூபாய் ரைஃபிள்களே செகண்டுக்குச் சுமார் 570 அடி வேகத்தில்தான் சுடுகின்றன. சக்தி ஏழரை ஜூல் அளவுதான். அதிவேக ஸ்பிரிங் துப்பாக்கியில் உதறல் அதிகம். குண்டு ஒலியின் வேகத்தை நெருங்கினால் தள்ளாடவும் செய்யும். ஆகவே, வேகத்தைச் சொல்லி விற்கிற துப்பாக்கி, டார்கெட் பழகுகிறவருக்கு வேண்டாத துப்பாக்கி.

டெலஸ்கோப்பும் அப்படித்தான். இந்தப் போட்டியில் அதற்கு அனுமதி இல்லை.

ஸ்பிரிங்கா, சிலிண்டரா?

ஏர் ரைஃபிளில் நமக்கு முக்கியமாக இரண்டு ஜாதி.

முதலாவது, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுவது. நம் நாட்டிலேயே தயாராகிறது. பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தால் நல்லதாகவே ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் ட்ரிகரை அழுத்தியதும் உள்ளே ஸ்பிரிங் பாய்வதால், குண்டு வெளியே போவதற்குள் துப்பாக்கி ஒரு உதறு உதறும். இறுக்கிப் பிடித்தால் குண்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். தளர்வாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிடித்துப் பழக வேண்டும். பொறுமை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்றார் கோச். இன்னொன்று... ஸ்பிரிங் துப்பாக்கியைக் குண்டு போடாமல் வெறுமனே ‘டப் டப்’ என்று சுட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கிற பிஸ்டன் கெட்டுவிடும்.

இரண்டாவது, பி.சி.பி. குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர். அதில் சாதாரணமாக 200 பார் அழுத்தத்துக்குக் காற்றடைப்பார்கள். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேலே! அப்படியென்றால் இது கிட்டத்தட்ட நூறு மடங்கு. சுடும்போது உதறல் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். இன்றைக்குப் பெரிய போட்டிகளில் எல்லோர் கையிலும் இதுதான். ஆனால் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் ரைஃபிள்களைப் புதிதாக வாங்க வேண்டுமென்றால் ரூபாய் லட்சங்களில் எண்ண வேண்டும். காற்றடைக்கப் பம்ப்போ பெரிய சிலிண்டரோ தனிச் செலவு.

செகண்ட்ஹேண்ட் பி.சி.பி. கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் ரைஃபிளின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்னால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். இந்த ஜெர்மன் கம்பெனிகள் தங்கள் சிலிண்டருக்குக் கொடுக்கிற ஆயுள் தயாரித்த நாளிலிருந்து பத்து வருஷம். அது முடிந்திருந்தால் புது சிலிண்டர் விலையையும் மனசுக்குள் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். 200 பார் காற்றோடு விளையாடக் கூடாது.

எந்தக் கண் எஜமான்?

என் பெண்ணைப் பார்த்து கோச் கேட்ட முதல் கேள்வியே விசித்திரமாக இருந்தது. “பாப்பா, ரெண்டு கையையும் நீட்டி, விரலைச் சேர்த்து நடுவுல சின்ன ஓட்டை பண்ணு. அது வழியா அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பாரு. இப்ப ஒரு கண்ணை மூடு. அப்புறம் அதைத் திறந்துட்டு இன்னொண்ணை மூடு.”

வலது கண்ணை மூடியபோதும் கடிகாரம் தெரிந்தது. இடது கண்ணை மூடியதும் காணாமல் போய்விட்டது! வலது கைப் பழக்கமுள்ள பெண்ணுக்கு எஜமான் கண் இடது.

“நல்லவேளை... வாங்கறதுக்கு முன்னாலேயே தெரிஞ்சுது. இடது தோள்ல வெச்சுப் பழகிப் பார்க்கட்டும். சரிப்படலேன்னா வலது தோளுக்கே வந்து, இடது கண்ணுக்கு ஒரு சின்ன மறைப்பு மாட்டிக்கலாம்” என்றார்.

வலது கைக்காரர்களுக்கென்றே செதுக்கிய கட்டை இடது தோளுக்குப் பொருந்தாது. இந்த ஒரு நிமிஷப் பரிசோதனை, பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும் பரிசோதனை. ஒரு பைசா செலவில்லை. நீங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

அடுத்தது உடம்புக்குப் பொருத்தம். போட்டி ரைஃபிள் அதிகபட்சம் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். நாற்பது கிலோகூட இல்லாத குழந்தை அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் முதுகு என்னாவது? அதனால் கடையில் இப்படிச் செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். குறி பார்க்கும் சைட் நேராகக் கண்ணுக்கு முன்னால் இருந்தால் பொருத்தம். கழுத்தை நீட்டி, வளைத்து, தேட வேண்டியிருந்தால் அது வேறு யாருக்கோ செய்த ரைஃபிள். பட், கன்னக் கட்டை இரண்டையும் ஏற்றி இறக்கும் வசதி இருந்தால், வளர்கிற பிள்ளைக்கு இன்னும் இரண்டு, மூன்று வருஷம் தாங்கும். ஸ்கூல் யூனிஃபார்மில் மடித்துத் தைப்போமே, அதுபோல!

சைட்டிலும் இரண்டு வகை உண்டு. பின்னால் ‘வி’ மாதிரி வெட்டு, முன்னால் ஒரு முள் என்றால் ஓப்பன் சைட். பின்னால் ஊசித்துளை, முன்னால் வளையம் என்றால் பீப் சைட். ஒலிம்பிக்ஸ் முறை பீப் சைட்தான். நம் நாட்டுப் போட்டிகளில் ஓப்பன் சைட்டுக்கும் தனிப் பிரிவு உண்டு என்பதால், சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளோடும் தைரியமாகப் போட்டியில் இறங்கலாம். பின்னால் பீப் சைட் மாட்டிக்கொள்ள இடம் இருக்கிற மாடலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ஐந்தே ஐந்து குண்டு

பத்து மீட்டரில், மேஜை மேல் மணல் மூட்டை வைத்து, அதில் ரைஃபிளைத் தாங்கலாக வைத்து ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். நடுவில் பட்டதா என்று பார்க்காதீர்கள். சைட்டைத் திருப்பினால் அது சரியாகிவிடும். ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் பட்டிருக்கிறதா என்பதுதான் விஷயம். ஒரு ரூபாய் நாணயத்தால் ஐந்து ஓட்டைகளையும் தாராளமாக மூட முடிந்தால், ஆரம்பத்துக்குப் போதும். குண்டு பிராண்டை மாற்றியும் சுட்டுப் பாருங்கள். ஒரு ரைஃபிளுக்குப் பிடித்த குண்டு இன்னொன்றுக்குப் பிடிக்காது. டார்கெட்டுக்குத் தட்டைத் தலை பெல்லட்தான் சரி. பேப்பரைப் பஞ்ச் மெஷின் மாதிரி வட்டமாக வெட்டும்.

இப்போது என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். செலவு ரைஃபிளோடு முடிவதில்லை. வாரம் மூன்று நாள், நாளைக்கு அறுபது குண்டு என்றால் வாரத்துக்கு 180. ஐநூறு பெல்லட் உள்ள டப்பா மூன்று வாரம்கூட வராது. வருஷத்துக்குப் பத்தொன்பது டப்பா! கிளப் சந்தா, போட்டிக்கு ரயில் டிக்கெட், கொஞ்ச நாள் கழித்து அந்தக் கனமான கேன்வாஸ் கோட்... கையிலிருப்பதையெல்லாம் ரைஃபிளில் போட்டுவிட்டு, பெல்லட் வாங்கக் காசில்லாமல் அதைப் பரண் மேல் தூக்கி வைத்த வீடுகளை கோச் நிறையப் பார்த்திருக்கிறாராம்.

“கையில இருக்கறதுல பாதிக்கு ரைஃபிள் வாங்குங்க சார். மீதிப் பாதிக்குச் சுடுங்க. நல்ல ரைஃபிள் வெச்சிருக்கிற பசங்களைவிட நிறையச் சுட்ட பசங்கதான் ஜெயிக்கறாங்க.”

அதற்கும் முன்னால் அவர் போட்ட நிபந்தனை: நாலு மாசம் கிளப் ரைஃபிளிலேயே பழக வேண்டும். சென்னை, கோவை, மதுரை என்று நம் ஊர்களில் பழைய ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. சேரும்போதே, ‘கிளப் ரைஃபிள் தருவீர்களா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாலு மாசத்தில் ஆர்வம் வடிந்தால் நஷ்டம் சந்தா மட்டும்தான். வடியவில்லையென்றால், தனக்கு எது பொருந்தும் என்று அதற்குள் பிள்ளைக்கே தெரிந்திருக்கும்.

பொம்மை இல்லை!

ஏர் ரைஃபிள்தானே என்று அலட்சியம் வேண்டாம். 4.5 மில்லிமீட்டர் குண்டு ஒரு கண்ணை நிரந்தரமாக அணைத்துவிடும். குண்டு இருக்கிறதோ இல்லையோ, குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது. குறி பார்க்கிற வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. மொட்டை மாடியில் காக்காய், அணில், தெரு நாய் என்று குறி வைப்பது குற்றம், பாவமும்கூட. பெல்லட் ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். வீட்டில் ரைஃபிள் ஒரு பூட்டிலும் பெல்லட் இன்னொரு பூட்டிலும் இருக்கட்டும்.

என் பெண்ணின் நாலு மாசம் போன மாசம்தான் முடிந்தது. இடது தோள் அவளுக்குப் பழகிவிட்டது. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் ஒரு பையனின் ரைஃபிள், இரண்டு தோளுக்கும் பொருந்துகிற கட்டையோடு, புதிதின் விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தது. சிலிண்டருக்கு இன்னும் ஆறு வருஷம் ஆயுள் இருக்கிறது. ஐந்து குண்டுப் பரிசோதனையிலும் பாஸ்.

பீரோ சாவியைப் போலவே ரைஃபிள் பெட்டியின் சாவியும் என் மனைவியின் இடுப்பில்தான் இருக்கிறது. பெல்லட் கணக்கும் அவள்தான். நேற்று நோட்டைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டாள்: “ஏண்டி, இந்த வாரம் நூத்தியிருபதுதான் சுட்டிருக்கே... மீதி அறுபது எங்கே?”