விசிடி: கைவிடப்படும் ஒரு தகட்டின் உள்ளமைப்பு

நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் கடற்கரையை ஒட்டிய சி ரூசா வட்டாரம் உட்பட, மலேசியாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் திடலில் திரை கட்டிக் காட்டிய படங்களுக்கும் ஒளிநாடாவுக்கும் பின்னர் வீட்டுக்குள் வந்த திரையரங்கு, விசிடி எனப்படும் படக் குறுந்தகடே ஆகும். இன்று அதன் இடத்தை இணையவழிப் பதிவிறக்கமும், மாதக் கட்டணத்துக்குப் படம் காட்டும் ஓடிடி தளங்களும் பிடித்துக்கொண்டன. படத்தின் தெளிவிலும் கிடைக்கும் எளிமையிலும் புதியவை மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தகட்டின் உள்ளமைப்பையும் அதில் பதிந்து கிடப்பவற்றின் தன்மையையும் அறிந்தவர் எவரும் அதைக் குப்பையில் இட ஒருப்பட மாட்டார்.

1993இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் வகுத்த விசிடி, மலேசியாவிலும் இந்தியாவிலும் வழங்கிய 'பால்' (PAL) என்னும் தொலைக்காட்சி முறைக்கேற்ப, கிடையாக 352, நெடுக்காக 288 புள்ளிகள் கொண்ட படங்களை நொடிக்கு 25 வீதம் காட்டியது. இசைத் தகட்டில் 74 நிமிடப் பாட்டு அடங்குவதைப் போலவே விசிடியிலும் 74 நிமிடப் படம் அடங்கியது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு அல்லது மூன்று தகடுகளாகப் பிரிந்து வந்ததன் காரணம் இதுவே. ஒலியைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கோரும் அசையும் படம் அதே தகட்டில் அதே நேரத்துக்கு எவ்வாறு அடங்கியது என்னும் வினாவுக்கு, எம்பெக்-1 என்னும் சுருக்கும் முறை என்பது பாதி விடை மட்டுமே.

மறுபாதி, இந்தத் தகட்டின் மிக வியப்பான கூறு. தகட்டில் உள்ள தரவு, 'செக்டர்' எனப்படும் சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நொடிக்கு 75 கூறுகள் படிக்கப்படுகின்றன. கணினிக் கோப்புகளைத் தாங்கும் தகட்டில் ஒவ்வொரு கூறிலும் 2,048 பைட் அளவே உண்மைத் தரவுக்கு உரியது. ஒரே ஓர் எழுத்து பிழைபட்டாலும் கோப்பு பயனற்றுப்போகலாம் என்பதால், எல்லாக் குறுந்தகடுகளுக்கும் பொதுவான பிழைதிருத்தத்துக்கு மேலாக, கூறு ஒவ்வொன்றிலும் 276 பைட் கூடுதல் திருத்தத்துக்கென ஒதுக்கப்படுகிறது. தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்த ரப்பர்ப் பாலை ஆலையில் மறுபடியும் நிறுத்துக் கணக்கைச் சரிபார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம். விசிடியை வகுத்தவர்கள் இந்த இரண்டாவது நிறுவையைத் துணிந்து நீக்கி, மிஞ்சிய 276 பைட்டையும் படத்துக்கே கொடுத்துக் கூறின் கொள்ளளவை 2,324 பைட்டாக உயர்த்தினர். இதனால், கணினித் தரவாயின் ஏறத்தாழ 68 கோடி பைட் மட்டுமே தாங்கும் தகடு, படமாயின் 77 கோடி பைட்டைத் தாங்கியது. கீறல் விழுந்த தகட்டில் நாயகனின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறி, அடுத்த நொடியில் மீண்டும் கூடியதை அக்காலத்தில் கண்டிராதவர் இல்லை. கண் பொறுத்துக்கொள்ளும் பிழையைத் திருத்தாமல் விட்டு இடத்தை மிச்சம் பிடித்த அந்த முடிவு, சிக்கனமான பொறியியலுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

பின்னர் வந்த டிவிடியில் மலேசியாவுக்கு மூன்றாம் மண்டலம், இந்தியாவுக்கு ஐந்தாம் மண்டலம் என விற்பனைப் பூட்டுகள் வகுக்கப்பட்டன. விசிடிக்கு அத்தகைய பூட்டு எதுவும் இல்லாமையால், சென்னையில் அச்சான தகடு சிரம்பானிலும் தடையின்றி ஓடியது.

தகட்டின் பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பதறிப் பாதுகாப்பவர்கள், பெயர் அச்சிட்ட மேற்பக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் மென்மையானது மேற்பக்கமே. அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் தடித்த பாலிகார்பனேட் காப்பாக நிற்க, தரவைத் தாங்கும் அலுமினியப் படலமோ மேலச்சுக்கும் மெல்லிய அரக்குப் பூச்சுக்கும் சற்றே கீழே கிடக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்து நீக்க முடியும். பந்துமுனைப் பேனாவால் மேற்பக்கத்தில் அழுத்தி எழுதிய பெயர் தரவையே கிழித்துவிடக்கூடும். ஈர வெப்பமும் பகையே: நடு அமெரிக்க நாடான பெலீசில் கிடைத்த ஒரு குறுந்தகட்டில் பூஞ்சை விளிம்பு வழியே புகுந்து அலுமினியத்தையும் பாலிகார்பனேட்டையும் அரித்திருந்ததை ஸ்பானிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டனர்.

பதிவிறக்கத்தின் குறை வேறு வகையானது. ஓடிடி செயலியில் 'பதிவிறக்கிய' படம், குறித்த நாளில் காலாவதியாகும் பூட்டிட்ட கோப்பே ஆகும். பணம் செலுத்தி 'வாங்கிய' படமும் பெரும்பாலும் பார்க்கும் உரிமம் மட்டுமே. 2009இல் அமேசான் நிறுவனம் வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய ஆர்வெல்லின் நூல்களை அவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமமே என்பதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டுமெனக் கலிபோர்னியா 2024இல் சட்டம் இயற்றியது. 2020இல் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கைத் தாண்டி நேரே இணையத்தில் வெளியானது முதல் தமிழ்ப் படங்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டன.

பெரிய நடிகர்களின் படங்களை ஏதேனும் ஒரு தளம் காப்பாற்றும். தோட்ட வாழ்வைக் காட்டிய தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' போன்ற சிறு மலேசியத் தமிழ்ப் படங்களுக்கு அந்த உறுதி இல்லை. தோட்டத்துத் திருமணம், மாரியம்மன் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா ஆகியவற்றை உள்ளூர்ப் படப்பிடிப்பாளர் பதிந்து தந்த தகடுகளுக்கோ எந்தத் தளத்திலும் இடமில்லை. தோட்டங்கள் வீடமைப்புக்குக் கைமாறி மக்கள் பெயர்ந்துபோன பின்னர், இடிந்த லயக் குடியிருப்புகளும் இடம் மாறிய கோயில்களும் அசைவோடு தங்கியிருப்பது பல குடும்பங்களில் அத்தகடுகளில் மட்டுமே. அவற்றைக் காகம் விரட்டக் காய்கறிப் பாத்தியில் தொங்கவிடுவது பெரும் இழப்பு. அவை ஆலையில் அச்சிட்டவை அல்ல, சாயப் படலத்தில் ஒளியால் எழுதப்பட்டவை என்பதால் வெயிலில் விரைந்து மங்கும்.

மாற்றிப் பாதுகாக்கும் வழி எளிது. பழைய விசிடியைக் கணினியில் இட்டால் தெரியும் 'எம்பெக்ஏவி' என்னும் உறைக்குள் 'டேட்' என முடியும் கோப்பே படம். அதனை முழுமையாகப் படியெடுத்து, வெவ்வேறு இடங்களில் இரு வன்தட்டுகளில் வைத்தல் வேண்டும். கூடுதல் திருத்தம் இல்லாத அமைப்பாதலால் கீறல் உள்ள இடத்தில் படியெடுப்பு நின்றுபோகலாம். அப்போது தகட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மென்துணியால் நேராகத் துடைத்து, வேறொரு படிப்பானில் முயல்வது பலமுறை பயன் தருகிறது. புதிய மடிக்கணினிகளில் தகடு படிக்கும் கருவி அருகிவிட்டதால், யூஎஸ்பி வழி இணையும் படிப்பான் ஒன்றைத் தமிழ்ப்பள்ளியோ கோயில் நிர்வாகமோ பொதுவில் வாங்கி வைத்தால் வட்டாரம் முழுவதற்கும் போதும்.