செடிக்குள் சிற்பம் கண்டவர்

கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 1865-இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் பிறந்தார். இளமையில் இரும்பு வார்ப்பு ஆலையில் தொழில் பழகி, பின்னர் பெர்லினில் கலை பயின்றார். அங்குள்ள கலைத்தொழில் பள்ளியில் செடிகளைப் பார்த்து உரு வனையக் கற்பித்தார். பறித்த செடியோ வாடிவிடும். அதனால் பாடத்துக்கென்றே படம் எடுக்கத் தொடங்கினார். முறையாக ஒளிப்படக்கலை படிக்காதவர். கேமராவும் அவரே செய்துகொண்டதுதான். அதில் மொட்டும் தண்டும் 30 மடங்குவரை பெரிதாகின. சுருண்ட பெரணித் துளிர் பிஷப்பின் செங்கோலாக, குதிரைவால் செடியின் தண்டு கோபுரமாக எழுந்து நின்றது. பின்னணி வெறும் சாம்பல் அல்லது வெள்ளை அட்டை, அவ்வளவே.

1928-இல் 'கலையின் மூல வடிவங்கள்' என்ற நூல் வெளியானபோது அவருக்கு வயது 63. வகுப்பறைப் படங்கள் ஒரேயடியாக நவீனக் கலையாகிவிட்டன! இரண்டாம் நூல் வந்த 1932-இலேயே அவர் பெர்லினில் காலமானார்.