முதலில் சூடு, மறுகா தண்ணீர்

பாசிக்குடாக் கடற்கரையிலிருந்து கல்குடாவை நோக்கிச் செல்லும் தெருவில், கிடுகு வேலியடைத்த ஒரு வளவின் வாசலிலே, மாரிமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், பத்து வயதுப் பையனொருவன் தன் சட்டைக்குள் எதையோ பொத்திப் பிடித்தபடி நிற்கக் கண்டேன். மூன்று நாளாகக் காணாமற்போயிருந்த அவனுடைய சாம்பற் புறா அது. இறகுகளையெல்லாம் சிலிர்த்துப் பந்துபோல் ஒடுங்கி, கண்கள் பாதி மூடி, எச்சம் பச்சை நீராய்க் கழிந்துகொண்டிருக்க, மார்பைத் தடவிய என் விரலுக்குச் சதை அகப்படாமல் நடுவெலும்பு மட்டும் கத்தியின் முதுகுபோலத் தட்டுப்பட்டது. அவனுடைய பெத்தா, அந்த வாயில்லாச் சீவன்மீது கொண்ட இரக்கத்தினால், பால் கலந்த வெள்ளரிசிக் கஞ்சியைச் சிரட்டையில் எடுத்துவந்து, அலகைப் பிளந்து வார்ப்பதற்கு ஆயத்தமாகிவிட்டார். அடுத்த வளவில் நெடுங்காலமாகப் புறா வளர்த்துவரும் முதியவர் வேலிக்கு மேலாகத் தலைநீட்டித் தடுத்தார்: "பெத்தாவக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு மனே! முதல்ல சூடு, மறுகா தண்ணி. சாப்பாடு அதுக்குப் பொறகுதான்."

நோயுற்ற பறவைக்கு ஆகாரம் ஊட்டும் கலையின் இலக்கணம் முழுவதும் இந்தக் கிரமத்தில் அடங்கியிருக்கிறது. பறவையின் இயல்பான உடல் உஷ்ணம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். நமக்குக் கடுங்காய்ச்சலாகும் சூடு அதற்குச் சுபாவமானது. அந்தச் சூட்டைக் காப்பதற்கே தன் சக்தியின் பெரும்பகுதியைச் செலவிடும் அச்சிறு சரீரம், தீனி நின்றதும் முதலில் கொழுப்பையும் பின்னர் மார்புத் தசையையும் எரித்துத் தீர்க்கிறது. குளிர்ந்துபோன உடலில் குடல் அசைவதில்லை. அசையாத தீனிப்பையில் வார்த்த கஞ்சி செரியாமல் தேங்கிப் புளித்து விஷமாகிறது. ஆகவேதான், ஓர் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மின்குமிழைத் தொங்கவிட்டு, உள்ளே ஏறத்தாழ 30 பாகை வெப்பம் நிலைக்கச் செய்து, சூடு மிகுந்தால் பறவை விலகிச்செல்ல மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக விட்டுவைப்பது முதற்சிகிச்சையாகிறது.

அடுத்தது நீர். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் என்பது பொதுக்கணக்கு. 300 கிராம் புறாவுக்கு அது ஒரு மேசைக்கரண்டியளவே. பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியை இளஞ்சூடாகச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஆனால், பறவையின் நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருப்பதால், அலகைப் பிளந்து வார்க்கும் நீர் நேரே நுரையீரலுக்குள் இறங்கி உயிரை மாய்த்துவிடக்கூடும். தலையை நிமிர்த்தி நீரை விழுங்கும் பறவைகளே உலகில் மிகுதியாயிருக்க, புறாவோ அலகை நீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும் இனம். எனவே விழிப்புள்ள புறாவின் அலகு நுனியை, மூக்குத்துளை நனையாதபடி, கிண்ணத்து நீரில் தோய்த்துப் பிடித்தாலே போதும்.

இவ்விரண்டும் நிறைவேறி, எச்சம் இறங்கத் தொடங்கிய பின்னரே ஆகாரத்தின் முறை வருகிறது. இங்கும் அவசரம் ஆகாது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து விடுபட்ட பட்டினிக் கைதிகள் சிலர், வயிறார உண்ட பின்னர் இறந்துபட்டமை வைத்தியர்களைத் திகைக்கவைத்தது. மாச்சத்து திடீரென்று பெருகும்போது இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பொசுபேற்றையும் பொற்றாசியத்தையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ள, இருதயம் தளர்ந்துவிடுகிறது என்பதே காரணமெனப் பிற்பாடு விளங்கிற்று. மனிதனுக்கு நேர்வது பிராணிகளுக்கும் நேர்கிறது. பாசிக்குடாக் கடலில் இறங்குகிறவர் முழங்காலளவு நீரில் நெடுந்தூரம் நடந்தே ஆழத்தை அடைவதுபோல, பட்டினி கிடந்த உடலும் முதல்நாள் பாதியளவு உணவில் தொடங்கி மூன்று நான்கு நாட்களில் முழு உணவை எட்டவேண்டும்.

பெத்தாவின் கஞ்சியில் வேறு இரு குறைகளும் இருந்தன. பாலின் சர்க்கரையைச் செரிக்கவல்ல நொதியம் பறவைக்குலத்துக்கு வாய்க்கவில்லை. புறாப்பால் என்று சொல்லப்படுவது, தாயும் தந்தையுமாகிய இரு புறாக்களின் தீனிப்பையிலும் ஊறிக் குஞ்சுக்கு ஊட்டப்படும், புரதமும் கொழுப்பும் செறிந்த வேறொரு பொருள். மற்றக் குறை வெள்ளரிசியைப் பற்றியது. அதற்கு ஒரு சரித்திரமே உண்டு.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் ஒல்லாந்த வைத்தியரின் ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழத் தொடங்கின. ஜூலையில் தொடங்கிய நோய் நவம்பர் இறுதியில் தானாகவே நீங்கிற்று. விசாரித்தபோது, இராணுவ வைத்தியசாலையில் சமைத்த வெள்ளைச்சோற்றை அக்கோழிகளுக்கு இட்டு வந்தார்களென்றும், புதிதாக வந்த சமையற்காரன் இராணுவத்து அரிசியைச் சாதாரணக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்ததனால் தவிடு நீங்காத அரிசிக்கு மாற்றினார்களென்றும் தெரியவந்தது. கோழிகளைக் குணப்படுத்தியது வெள்ளரிசியில் இல்லாத தவிடே. 1912இல் காசிமிர் ஃபங்க், புறாக்களின் இதேவகை நோயைத் தவிட்டுச் சாற்றினால் ஆராய்ந்து, 'விற்றமின்' என்ற சொல்லை வழங்கினார். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மாச்சத்தை எரிப்பதற்கு இன்றியமையாத தயமின் அந்தத் தவிட்டில்தான் இருந்தது. படுவான்கரை வயல்களில் விளையும் சிவப்பரிசியைத் தவிட்டோடு உண்ட நம் முன்னோர் இந்தப் பெயரை அறியார், பயனை அனுபவித்தார்கள்.

எல்லாப் பிராணிக்கும் ஒரே பத்தியமென்று எண்ணுவதும் தவறு. முயல் அரைநாள் உண்ணாதிருந்தாலே ஆபத்து. நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும் அதன் குடல் இயக்கம் ஓய்ந்துவிடும், வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. உலர்புல் மாவைக் குழைத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில், ஊசி கழற்றிய சிரிஞ்சினால் பக்கவாட்டாக ஊட்டவேண்டும். கினிப்பன்றியோ நம்மைப்போலவே விற்றமின் சீயைத் தானே ஆக்கிக்கொள்ளமாட்டாதது. 1907இல் நோர்வே நாட்டு ஹோல்ஸ்ற், ஃபுறோலிக் என்னும் இருவர் அதற்குக் கடலோடிகளின் ஸ்கேவி நோயை வரவழைத்துக் காட்டினர். நலிந்திருக்கையில் அதன் தேவை பன்மடங்காகும். நம் கொல்லைக் கொய்யாவில் அச்சத்துத் தேசிக்காயைவிட எவ்வளவோ மிகுதி.

ஊட்டம் உயிரைத் தாங்குமேயன்றி நோயின் மூலத்தை நீக்காது; அதற்கு மிருக வைத்தியரை நாடவேண்டும். நமது தீவின் ஒரே மிருக வைத்திய பீடம் தொலைவிலுள்ள பேராதனையில் இருக்க, இங்குள்ள வைத்தியர்களை மாடும் ஆடும் ஓயாது அழைத்துக்கொண்டிருக்க, அவரிடம் சேரும்வரை உயிரைப் பிடித்துவைப்பது வீட்டாரின் கடமையாகிறது.

அப்பையன் அதைச் செவ்வனே செய்தான். நாள்தோறும் விடியலில் புறாவைக் கடைத் தராசில் நிறுத்து, எடையை அப்பியாசக் கொப்பியில் குறித்தான். முதலிரு நாளும் எடை குறைந்தது. மூன்றாம் நாள் நின்றது. பின்னர் கிராம் கிராமாக ஏறியது. ஊறவைத்த பட்டாணியை முதியவர் ஒவ்வொன்றாகத் தொண்டையின் பின்பக்கத்தில் வைக்க அது விழுங்கிற்று. ஆறாம் நாள் அவருடைய கையைத் தள்ளிவிட்டு, நிலத்தில் சிந்திய பட்டாணியைத் தானே கொத்தி எடுத்தது. பெத்தா அதைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.