அன்கைரின்

அன்கைரின் என்பது உயிரணுச் சவ்விலுள்ள புரதங்களை அதன் உட்புறச் சட்டகத்துடன் பிணைத்து வைக்கும் புரதமாகும். நங்கூரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது, வேலைக்கேற்ற பெயர்தான். 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் அமைப்பு இதில் 24 முறை அடுத்தடுத்து வருகிறது. சவ்விலுள்ள புரதங்கள் பல பற்றிக்கொள்வது இப்பகுதியில்தான்.

மனிதரில் மூன்று மரபணுக்கள் அன்கைரின்களை உருவாக்குகின்றன. ஏஎன்கே1 பழுதுபட்டால் சிவப்பணுவின் சவ்வு சிறிது சிறிதாக உதிர்கிறது. தட்டு வடிவ அணு உருண்டையாகி, மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் வளைந்து நுழைய இயலாமல் அழிகிறது. இதனால் இரத்தசோகை, விட்டுவிட்டு வரும் மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம், பித்தப்பைக் கற்கள் ஆகியன தோன்றுகின்றன. இது மரபுவழி உருண்டைச் சிவப்பணு நோய் எனப்படும்.

தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் மலைவாழ் மக்களிடையே அரிவாள் செல் நோய், தலசீமியா ஆகியவற்றைக் கண்டறிய ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யப்படுகிறது. அச்சோதனையில் உருண்டைச் சிவப்பணு நோய் சிக்காது. இங்கு பழுது சவ்வில்தான், ஹீமோகுளோபினில் அன்று. காமாலை என்றதும் கல்லீரலை மட்டும் சந்தேகித்து, நாட்டு மருந்துடன் நிறுத்திக்கொண்டாலும் நோய் மறைந்தே இருக்கும். இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவெளிறல் இல்லாத உருண்டை அணுக்கள் தெரியும். குடும்பத்தில் வேறு எவருக்கும் காமாலையோ பித்தக்கல்லோ இருந்ததா என்று கேட்பதும் உதவும். கடுமையான நோயில் மண்ணீரலை அகற்றினால் இரத்தசோகை குறையும். ஆனால் நோய்த்தொற்று அபாயம் கூடுவதால், அதற்கு முன்பே தடுப்பூசிகள் போடப்படுகின்றன. சிறு குழந்தைகளுக்கு இயன்றவரை தள்ளிப்போடுவர்.

ஏஎன்கே2 மாற்றம் இதயத்துடிப்பைச் சீர்குலைக்கக்கூடும் என்பது 2003இல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தை ஆராய்ந்தபோது தெரியவந்தது. நரம்பணுக்களில் செயல்படும் ஏஎன்கே3 இருமுனைக் கோளாறுடன் தொடர்புபடுத்தப்படுகிறது. எனினும் அது மட்டுமே நோயை உண்டாக்குவதில்லை.