கறுத்த முகமும் அச்சுப்புள்ளியும்

எங்கள் இதழில் கூத்துக் கலைஞர் ஒருவரின் புகைப்படம் போட்டிருந்தோம். அச்சாகி வந்தபோது முகம் இருந்த இடத்தில் ஒரு கரித்திட்டு. 'ஆளே கறுப்பு சார், நாங்க என்ன பண்ண?' என்றார் அச்சகத்துக்காரர். மூலப்படத்தில் கண், கன்னமேடு, நெற்றிச் சுருக்கம் எல்லாமே தெளிவு. அவை எங்கே போயின?

ஆஃப்செட் இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்பு மையை வைக்கும், இல்லாவிட்டால் வைக்காது, அவ்வளவுதான். புகைப்படத்திலோ வெளுப்பிலிருந்து கறுப்புவரை இடையறாத சாயல்கள். இரண்டுக்கும் நடுவிலான சமரசமே ஹாஃப்டோன் புள்ளி. புள்ளி சிறுத்தால் சுற்றிலும் தாளின் வெள்ளை மிஞ்சும்; பெருத்தால் நிழல் அடரும். சாம்பலை உண்டாக்குவது நம் கண்தான்.

முன்பு காமிராவில் கோடுபோட்ட கண்ணாடித் திரையை வைத்து இந்தப் புள்ளிகளை எடுத்தார்கள். 1970களில் பரவத் தொடங்கிய லேசர் டிரம் ஸ்கேனர்கள் வேறுமாதிரி வேலை செய்தன. உருளையில் ஒட்டிய படம் வேகமாகச் சுழலும். நுண்ணிய ஒளிக்கற்றை அதை வரிவரியாகத் தடவிச்செல்லும். திரும்பிவரும் ஒளியின் அளவு எண்ணாகும். மறுமுனையில் அந்த எண்ணுக்கேற்ப லேசர் ஃபிலிமில் புள்ளியைக் கட்டும். அங்குலத்துக்கு 2400 பொட்டு, 150 வரி ஸ்கிரீன் என்றால் ஒரு புள்ளிக்கான கட்டத்தில் 16-க்கு 16, ஆக 256 பொட்டுகள். 128ஐ நிரப்பினால் 50 சதவீதம். இன்று ஃபிலிம் இல்லாமல் நேரே பிளேட்டிலேயே பதிக்கிறார்கள், கணக்கு மாறவில்லை.

சிக்கல் தாளில்தான். மை பரவுவதால் புள்ளி பெருக்கிறது. 'டாட் கெய்ன்' என்பார்கள். உறிஞ்சும் தாளில் இது இன்னும் அதிகம். கறுத்த தோலின் நுட்பங்கள் இருப்பதோ பெரிய புள்ளிகளின் பகுதியில். அங்கே ஊசிமுனையளவு வெள்ளைதான் மிச்சம். அதுவும் அடைபட்டால் கண்ணும் கன்னமும் ஒன்றாகிவிடும்.

இதற்கு வழி இல்லாமலில்லை. மை இவ்வளவு பரவும் என்று முன்கூட்டியே கணித்துப் புள்ளிகளைச் சிறிதாக்கி அனுப்பலாம். அந்தக் கணக்கை 'கர்வ்' என்கிறார்கள். இருக்கிற சாயல்களில் நிழலுக்கு எவ்வளவு, வெளுப்புக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும் அதுவே. பங்கிடுவது இயந்திரமல்ல, அதன்முன் உட்கார்ந்திருக்கும் மனிதர். வெளுத்த முகத்துக்கு அமைத்த கர்விலேயே எல்லா முகத்தையும் ஓட்டினால் கறுத்த முகம் திட்டாகத்தான் வரும்.

அடுத்த இதழில் நிழலைத் திறந்துவிட்டு அதே படத்தை மறுபடி போட்டோம். அதே தாள், அதே மை. இம்முறை கூத்துக்காரருக்குக் கண் இருந்தது. 'ஆளே கறுப்பு' என்பது தொழில்நுட்ப விளக்கமல்ல. இனி யாராவது அப்படிச் சொன்னால், 'கர்வ் யாருக்காகப் போட்டீங்க?' என்று கேட்டுவிட வேண்டியதுதான்.