நியூயார்க் எவ்வளவு தொலைவு?

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் உள்ள தொலைவை அளக்கச் சொன்னால், மாணவர் பலர் சுவரிலுள்ள உலகப் படத்தில் அடிக்கோலை வைப்பர். படத்தில் அக்கோடு நேரானதே. ஆயினும் உருண்டையான நிலத்தின்மேல் அவ்வழி 18,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும்.

சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் நியூயார்க் 74 பாகை மேற்கிலும் உள்ளன. கூட்டினால் 178, அதாவது இரண்டும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள். ஆதலின் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே செல்லும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 89 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49, ஆக 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் எனப் பெருக்கினால் ஏறத்தாழ 15,300 வரும். ஒரு பந்தும் சிறிது நூலும் இருந்தால் வகுப்பில் இதனைக் கண்ணெதிரே காட்டிவிடலாம்.

விமானங்களோ எப்போதும் இவ்வழியே செல்வதில்லை. நியூயார்க் நோக்கிச் செல்பவை பசிபிக் கடலுக்கு மேலாக வளைந்து போவதுண்டு. அங்கே மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்று விமானத்தைப் பின்னின்று தள்ளும்; தொலைவு கூடினும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். காற்றின் போக்கு நாளுக்கு நாள் மாறுவதால் வழியும் மாறும்.

இடைநில்லாப் பயணத்துக்குப் பதினெட்டரை மணி நேரம் என்று கொள்வோம். குளிர்காலத்தில் நியூயார்க் கடிகாரம் நம்முடையதற்கு 13 மணி பின்தங்கியிருக்கும். நள்ளிரவில் இங்குப் புறப்பட்டவர் அங்கு இறங்கும்போது அதே நாள் காலை 5.30 மணிதான்! அங்கு நள்ளிரவில் புறப்பட்டு அதே நேரம் பறந்து திரும்புவோர்க்கோ, சிங்கப்பூரில் மறுநாள் காலை 7.30 ஆகியிருக்கும்.